கண்டக்டருக்கு ஒரு லினக்ஸ்

என் கணவர் பஸ் கண்டக்டர். திருப்போரூரில் கிளம்பி, கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்து மாமல்லபுரம் போகும் வண்டி அவருடையது. வண்டியில் எத்தனை கூட்டம் இருந்தாலும் கடைசி சீட்டுக்காரருக்கும் அவர் குரல் கேட்கும். "இவன் இருந்தா ஹாரனே வேணாம் தங்கச்சி, வாய தொறந்தா மாடு தானா ஒதுங்கும்" என்பார் அவரோடு வருஷக்கணக்கில் ஓட்டிய டிரைவர். கோவளத்துக்காரர். என் கணவரை மச்சான் என்றும் என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிடுவார்.

அந்தக் குரலில்தான் நோய் முதலில் கை வைத்தது. பட்டிபுலம் என்ற ஊர்ப் பெயர் அவர் வாயில் குழைய ஆரம்பித்தது. பிறகு எல்லாப் பெயரும் குழைந்தன. காலை வண்டியிலேயே குடித்திருக்கிறார் என்று யாரோ புகார் கொடுத்தார்கள். ஒருநாள் செக்கிங் வந்தவர் வண்டியை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் இவரை வாயை ஊதச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, யூனிஃபார்மைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "குடிக்கல மே. நாக்கு வரல."

குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நாக்கு ஏன் வரவில்லை என்பது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. நரம்பு நோய். தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும், புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். மருந்து இல்லை என்றும் சொன்னார். அவர் அதை மறைக்காமல் சொன்னதற்கு அப்போது கோபப்பட்டேன்.

ஒன்றரை வருஷத்தில் பேச்சு முழுதாகப் போனது. கால்கள் போயின. கொஞ்ச நாள் பேனாவால் எழுதிக் காட்டினார். பேனா நழுவ ஆரம்பித்ததும் அதுவும் நின்றது.

நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திரம் எழுதுபவரிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் மனை விற்பனை சூடுபிடித்து, வாசலில் ஆள் நிற்காத நாளே கிடையாது. டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அது பழசாகி அடுத்தது வந்தது. பழசைத் தூக்கிப் போடப் போனபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "அது ரொம்ப மெதுவும்மா, எதுக்கு?" என்றார் முதலாளி. காரணத்தைச் சொன்னதும் ஸ்டெபிலைசரையும் சேர்த்துக் கொடுத்தார். டிரைவர் அண்ணன் ஷேர் ஆட்டோ பிடித்து மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார்.

ஆபீஸில் நான் அடிக்கும் தமிழ் எழுத்துகளை ஸ்டிக்கர் காகிதத்தில் எழுதி கீபோர்டின் ஒவ்வொரு கட்டையிலும் ஒட்டினேன். என் கணவருக்கு அப்போது வலது கையில் மூன்று விரல்களிலும் இடது கையில் கொஞ்சமும் உயிர் இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டார். முதலில் அடித்தது "டீல சக்கர கம்மி" என்பது.

ஆனால் அந்தப் பெட்டி செத்துக்கொண்டிருந்தது. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுச் சோறு வடித்து, குழம்பு கூட்டி, அவருக்குத் துடைத்துவிட்டு வந்தால்தான் திரை முழுதாக வந்திருக்கும். அடித்த எழுத்து உடனே வராது. திரும்ப அழுத்தினால் இரண்டாக வரும். பாதி வாக்கியத்தில் அப்படியே உறைந்துபோகும். உள்ளே ஹார்ட் டிஸ்க், நகத்தால் மேஜையைத் தட்டுவதுபோல டக் டக் என்று சத்தம் போடும். ஒருநாள் அவர் ஏதோ அடித்துக்கொண்டிருக்கும்போது திரை உறைந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டு, "இருங்க, இருங்க, வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவருக்கு எச்சில் புரையேறி முகம் கறுத்துப் போயிருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குச் சில நொடிகள் பிடித்தன.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் அவரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனோம். மூச்சை அளந்து பார்த்துவிட்டு டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். என் கணவர் படுத்திருந்த ஸ்ட்ரெச்சரும் அங்கேதான், நாலு அடி தள்ளி நின்றது.

"மூச்சு விடற தசையும் போயிட்டிருக்கும்மா. ஒரு கட்டத்துல தானா மூச்சு விட முடியாது. அப்போ கழுத்துல ஓட்டை போட்டு மிஷின் வைக்கலாம். வைக்காமலும் இருக்கலாம். வச்சா அப்புறம் எடுக்க முடியாது. அதை நீங்களோ நானோ முடிவு பண்ணக் கூடாது. அவர்கிட்ட கேளுங்க. ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க."

கேளுங்கள் என்றால் எப்படிக் கேட்பது? கண்ணை ஒருதரம் மூடினால் ஆமாம், இரண்டு தரம் மூடினால் இல்லை என்று எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. சோறு வேண்டுமா, திரும்பிப் படுக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்க அது போதும். உயிரோடு இருக்கணுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு, ஒரு கண் மூடலைப் பதிலாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. தூசி விழுந்தாலும் கண் மூடும். அவர் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துக் கேட்டுவிடுவது என்று வரும் வழியிலேயே மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஸ்விட்சைப் போட்டேன். டக் டக் என்று வெகுநேரம் சத்தம் வந்தது. பிறகு கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அணைத்துப் போட்டேன். அதே வரி. இன்னொரு தரம் போட்டபோது டக் டக் சத்தமும் இல்லை.

கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "ஹார்ட் டிஸ்க் காலிக்கா. இந்த சைஸு இப்போ வர்றதே இல்ல. பெருசு போட்டா இந்த போர்டு எடுக்காது. புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார் கடைக்காரர். சம்பளம் நின்றுபோன வீட்டில் புதுசு என்பது பேச்சுக்குக்கூட இல்லை. டிரைவர் அண்ணன் கடைவாசலில் நின்று, "இன்னா தங்கச்சி இது, பேஜாரா பூடுச்சே" என்றார். நான் அழவில்லை. அழுதால் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

எங்கள் வீட்டு மாடியில் அப்போது ஒரு பெண் குடியிருந்தாள். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு ஐ.டி. ஆபீஸில் வேலை. வாடகை குறைவு என்று திருப்போரூருக்கு வந்தவள். காலையில் ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடும்போது எங்கள் ஜன்னலில் எட்டி, "அண்ணாச்சி, போயிட்டு வாரேன்" என்பாள். இவருக்கு அது பிடிக்கும். பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டதையும் சொன்னேன். அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஹார்ட் டிஸ்க் இல்லாமலே ஓடுற மாதிரி லினக்ஸ் இருக்குக்கா. சிடியில இருந்தே ஓடும். ஆனா எனக்கு அது அவ்வளவா தெரியாது. ஆபீஸ்ல நான் பாக்குறது வேற வேலை. தேடிப் பாக்கேன்."

லினக்ஸ் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுவது, இனாம், உலகத்தில் யார் யாரோ செய்து கொடுப்பது, அதிலேயே நூறு வகை இருக்கிறது என்றாள். "நூறா? அதுல எதை எடுக்கிறது?" என்றேன். "அதான்க்கா கஷ்டம்" என்றாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்த வாரங்கள்தான் என் வாழ்க்கையில் மோசமானவை. அவர் இறந்த வாரத்தைவிட மோசமானவை. ஒரு மனிதர் முழுப் புத்தியோடு கட்டிலில் கிடக்கிறார், என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள வழி இல்லை. அவர் மூச்சு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு ஓடினால்தான் இரைக்கும். அவருக்குச் சும்மா கிடந்தாலே இரைத்தது. நான் வேலைக்குப் போகும்போது அவருக்குத் துணையாக இருக்கட்டும் என்று ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் போவேன். வீட்டுக்கார அம்மா நடுவில் வந்து கஞ்சி கொடுத்துவிட்டுப் போவார்.

மாடிப் பெண் முதலில் கொண்டுவந்தது கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. தமிழில் மெனு வரும் என்று அட்டையில் போட்டிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டோம். படம் வந்தது, ஒரு கோடு நகர்ந்தது, பாதியில் நின்றது. நினைவகம் போதாது என்று எழுதிக் காட்டியது. எங்கள் பெட்டியில் இருந்தது அறுபத்து நாலு எம்பி. அது கேட்டது அதைப்போல நாலு மடங்கு.

அடுத்தது, மிகச் சின்னது. ஐம்பது எம்பிதான் மொத்தமும் என்றாள். ஒரு பிரவுசிங் சென்டரில் இறக்கி, சிடியில் எழுதிக் கொண்டுவந்தாள். அதைப் போட்டதும் என்னால் நம்பவே முடியவில்லை. சோறு வடித்துக் குழம்பு கூட்டும் நேரமெல்லாம் வேண்டாம். அரிசி களைவதற்குள் திரை வந்துவிட்டது. சுட்டியால் தொட்டது தொட்டபடி திறந்தது. அந்தக் கிழட்டுப் பெட்டியா இது என்று இருந்தது. "வந்துடுச்சுங்க!" என்று கட்டிலுக்கு ஓடினேன். அவரைத் தூக்கி நாற்காலியில் சாய்த்து, தலைக்குத் தலையணை கொடுத்து, விரலை எடுத்துக் கட்டைமேல் வைத்தேன். அப்போது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் பாக்கி.

அடித்தார். ஆங்கில எழுத்து வந்தது.

மாடிப் பெண் இன்டர்நெட்டிலிருந்து ஒரு தமிழ்ப் பக்கத்தை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து அதில் திறந்து பார்த்தாள். வரிசை வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. "இதுல தமிழ் வராதுக்கா. தமிழ் காட்டணும்னா அதுக்குன்னு நெறைய சேக்கணும். சேத்தா இந்த மிஷின் தாங்காது."

மூன்றாவதாக ஒன்று கொண்டுவந்தாள். அது தமிழ் காட்டியது. எங்கள் பெட்டியில் ஏறியும்விட்டது. ஆனால் ஒரு எழுத்தை அழுத்திவிட்டு மூச்சை நாலு தரம் இழுத்துவிட்டால்தான் அது திரையில் வந்தது. வரும்வரை அவர் விரல் கட்டைமேல் நிற்காது. நழுவி வேறொன்றை அழுத்தும். "த" என்ற எழுத்துக்குப் பதில் ஒரு வரி முழுக்க வேறெதுவோ வந்து நின்றது. அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக இருந்தது. நான் துடைத்துவிட்டு அணைத்தேன்.

வேகமாக இருப்பதில் தமிழ் இல்லை. தமிழ் இருப்பதில் வேகம் இல்லை. இதற்கு நடுவில் நாலாவது, ஐந்தாவது என்று அவள் கொண்டுவந்துகொண்டே இருந்தாள். ஒன்றில் சுட்டி வேலை செய்யவில்லை. ஒன்றில் திரையே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுதும் அதிலேயே போகும். நடுவில் கரண்ட் போகும். ஆபீஸில் பத்திரம் அடிக்கும்போது "விற்பவர்" என்ற இடத்தில் "வாங்குபவர்" என்று அடித்துவிட்டேன். முதலாளி அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு தாள் கொடுத்தார்.

தமிழ் போனால் போகிறது, ஆங்கில எழுத்திலாவது தமிழைச் சொல்லட்டும் என்று அந்தச் சின்னதையே மறுபடி போட்டேன். ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளைச் சிவப்பு மையால் எழுதினேன். டிரைவர் அண்ணனும் அன்று வந்திருந்தார். "மச்சான், இங்கிலீஷ்லயே அட்ச்சு வுடு. நாங்க பட்ச்சிக்கிறோம்" என்றார்.

அவருக்கு இருப்பது ஒரே விரல். தமிழ் எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்பது அந்த விரலுக்குத் தெரியும். ஆங்கிலத்துக்குத் தேட வேண்டும். தேடித் தேடி நாலு எழுத்து அடித்தார். M, A, N, I. அதற்குமேல் கை விழுந்துவிட்டது.

"மணி இன்னான்னு கேக்கிறான்" என்றார் டிரைவர் அண்ணன். அவர் கண்ணை இரண்டு தரம் மூடினார்.

"மண்ணா? மானியமா? கோயில் மணியா?"

இரண்டு தரம். இரண்டு தரம். இரண்டு தரம்.

"யாரு பேராச்சுமா? எந்த மணி? டிப்போல கீறானே அவனா?"

அதற்குப் பிறகு மூடிய கண்ணை அவர் திறக்கவில்லை. ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. டிரைவர் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வார்த்தை என்னவென்று நான் கடைசிவரை தெரிந்துகொள்ளவே இல்லை. பிறகு பேச முடிந்த காலத்தில் கேட்டபோது, அவருக்கும் மறந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் மாடிப் பெண்ணிடம் கத்தினேன். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கத்துவதற்கு வேறு ஆள் இல்லை. "நூறு இருக்குன்னியே, நூத்துல ஒண்ணுகூடவா அந்த மனுசன் பேசறதுக்கு ஆவாது? ஆபீஸ்ல அதே பெட்டிலதான நான் தமிழ்ல அட்ச்சேன்? அப்போ மட்டும் எப்படி வந்துச்சு?"

அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கா, ஆபீஸ்ல நீங்க எப்படித் தமிழ் அடிக்கீங்க?"

"எப்படின்னா? ஃபாண்ட்ட மாத்துவேன், அடிப்பேன்."

"ஃபாண்ட்ட மாத்தாம அடிச்சா?"

"இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னான்னு வரும். அப்புறம் செலக்ட் பண்ணி ஃபாண்ட்ட மாத்துனா தமிழாயிடும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அப்போ அது தமிழே இல்ல. கம்ப்யூட்டரப் பொறுத்தவரை அது இங்கிலீஷ்தான். எழுத்தோட படம் மட்டும் தமிழ். நான்தான் கிறுக்கச்சி மாதிரி தமிழ் தெரிஞ்ச லினக்ஸாத் தேடிட்டு இருந்தேன். இதுக்கு லினக்ஸுக்குத் தமிழே தெரிய வேண்டாம். அந்த ஒரு ஃபாண்ட்டு மட்டும் போதும். நாளைக்கு ஆபீஸ்ல இருந்து அத மட்டும் ஃப்ளாப்பியில போட்டுக் கொண்டாங்க."

மறுநாள் முதலாளியிடம் கேட்டு எடுத்து வந்தேன். ஃப்ளாப்பியில் ஒரு மூலையில் அடங்கிவிட்டது. அந்த மிகச் சின்ன லினக்ஸை மறுபடி போட்டோம். அதில் அடிப்பதற்கென்று இருந்த முதல் எடிட்டர் ஃபாண்ட்டை மாற்றவே விடவில்லை. இரண்டாவது விட்டது. அவள் ஏதோ அடித்து, எதையோ அழித்து, திரும்ப அடித்தாள். பட்டியலில் எங்கள் ஃபாண்ட்டின் பெயர் வந்தது. தேர்ந்தெடுத்துவிட்டு, "நீங்க அடிங்கக்கா" என்று எழுந்துகொண்டாள். நான் பத்திரம் ஆரம்பிப்பதுபோல "இன்று" என்று அடித்தேன். அழுத்திய கணமே திரையில் "இன்று" என்று வந்தது.

அவரை நாற்காலிக்குக் கொண்டுவர அவளும் ஒரு பக்கம் பிடித்தாள். விரலை எடுத்துவைத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, அடித்தார்:

ரெடியொவ நிறத்த மெ. காத பொவத.

மாடிப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் டைப்பிங் முறையில் "கு", "து" போன்ற எழுத்துக்கும், நெடிலுக்குப் போடும் இரட்டைச் சுழிக் கொம்புக்கும் ஷிஃப்ட் கட்டையைச் சேர்த்து அழுத்த வேண்டும். அதற்கு இன்னொரு விரல் வேண்டும், அவரிடம் இல்லை. ரேடியோவ நிறுத்து மே, காது போவுது.

அத்தனை வாரமும் துணைக்கு என்று நான் அலறவிட்டுப் போன ரேடியோ. சோறு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்று நூறு கேள்வி கேட்டேன். ரேடியோவை நிறுத்தட்டுமா என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. ஓடிப்போய் நிறுத்தினேன். வீடு அமைதியானது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதுவரை அழவேயில்லை, அதனால் நிறுத்தவும் தெரியவில்லை.

இனி அவர் அடித்ததை விட்டுப்போன எழுத்துகளைச் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த வாரமே, ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு காலை அவர் முன்னால் உட்கார்ந்தேன். வெளியே மழை. "டாக்டர் ஒண்ணு கேக்கச் சொன்னாருங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் அடித்தார்: "தெரியும். என் காதுலதான வுழுந்துது."

வராந்தாவில் நாலு அடி தள்ளி நின்ற ஸ்ட்ரெச்சர் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எல்லாம் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, பேச வழியில்லாமல், இத்தனை வாரமும் தனியாக அதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

"அப்ப சொல்லுங்க. இன்னா செய்யலாம்?"

"மிஷின் போட்டா வூட்டுக்கு வுடுவானா?"

"மாட்டாங்க. ஆஸ்பத்திரிலதான்."

"எத்தினி நாளு?"

"தெரியாதுங்க. வச்சா எடுக்க முடியாதுன்றாங்க."

பிறகு அடித்தார்: "பயமா கீது மே."

அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "எதுக்குப் பயம்?" என்றேன்.

"சாவுக்கு இல்ல. மூச்சு முட்டி சாவறதுக்கு. தண்ணில முக்குனா மாதிரி இருக்குமா? கேட்டுகினு வா. அப்பால சொல்றேன்."

அவரை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு அந்த மழையிலேயே செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். புறநோயாளிகள் கூட்டம் கலையும்வரை டாக்டர் அறை வாசலில் நின்றேன். என் கணவர் கேட்டதை அவர் வார்த்தையிலேயே கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அவரா கேட்டாரு? இப்படியே கேட்டாரா?" என்றார். ஆமாம் என்றேன். பெரும்பாலும் அப்படி இருக்காது, மூச்சு குறையக் குறையத் தூக்கம் கூடும், முட்டுவதுபோல் இருந்தால் அதைத் தணிக்க மருந்து இருக்கிறது, அதைக் கொடுக்கும் முறையைச் சொல்லித் தருகிறேன், தேவைப்பட்டால் நர்ஸை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். எதையும் விடாமல் மனதில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்து ஈரப் புடவையோடே அவரிடம் சொன்னேன். ஒரு வார்த்தையையும் நல்லதாக மாற்றாமல் சொன்னேன்.

அவர் அடித்தார்: "அப்ப மிஷின் வேணாம். வூட்லயே இருக்கேன்."

பிறகு, "பொடவ மாத்து. சளி புடிக்கும்" என்று அடித்தார்.

அதன் பிறகு பொங்கல் தாண்டியும் அவர் இருந்தார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பேச்சு இருந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லாததால் தினமும் காலையில் சிடியிலிருந்து கிளப்பி, ஃப்ளாப்பியிலிருந்து எழுத்தை ஏற்ற வேண்டும். மாடிப் பெண் அதை ஒரே வரியில் முடியும்படி செய்து கொடுத்திருந்தாள். நான் வேலை முடிந்து வரும்போது திரையில் எனக்கு ஏதாவது எழுதியிருக்கும். "கஞ்சில உப்பு இல்ல. அந்தம்மா கிட்ட சொல்லாத, பாவம்." "மச்சான் வந்தான். அழுதுட்டு போனான். கேக்காத." ஒருநாள் கோவளம் ஸ்டாப்பிலிருந்து ஆரம்பித்து மாமல்லபுரம் வரை எல்லா ஸ்டாப் பேரையும் வரிசையாக அடித்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மா. வாய் நமநமன்னுச்சு" என்றார்.

மாசி பிறந்ததும் அந்த விரலும் நின்றது. மறுபடி கண்தான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்திருந்தேன்.

மூச்சு தேய்ந்த கடைசி நாட்களில் அவருடைய அண்ணன் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கு, மிஷின் போடு என்று நின்றார். நான் என் கணவர் சொன்னதைச் சொன்னேன்.

"அவன் சொன்னானா? வாயே இல்லாதவன் எப்டிமா சொன்னான்?"

"கம்ப்யூட்டர்ல அட்ச்சாரு."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ டைப்பிஸ்ட்டாச்சே. நீயே அட்ச்சிட்டு அவன் சொன்னான்னு சொல்றியா?"

டிரைவர் அண்ணன், "பெரிவரே, வார்த்தய அளந்து பேசு. மச்சான் அட்ச்சத நானே எத்தினியோ வாட்டி பாத்துகினு இருந்தேன்" என்று எழுந்தார். நான் அவரை உட்காரச் சொன்னேன். சண்டை போடும் இடமா அது, அவர் அங்கேயே படுத்திருக்கும்போது? கட்டிலுக்குப் போய்க் குனிந்து, "மிஷின் வேணாம்னுதான சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் கண்ணை ஒருதரம் மூடினார். அவருடைய அண்ணன் அதையும் பார்த்தார். "தூக்கத்துல மூடறான்" என்றார்.

மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறுவதற்குள், மருந்தின் மயக்கத்தில் அவர் போனார். மூச்சு முட்டவில்லை. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் எனக்குத் தெரியும். டிரைவர் அண்ணன் டியூட்டிக்குப் போகாமல் வந்து கால்மாட்டில் நின்றார். மாடிப் பெண் ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிட்டாள். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் அவருடைய அண்ணன் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசியதில்லை. மிஷின் வைத்திருந்தால் தம்பி இருந்திருப்பான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இருந்திருப்பார்தான். அவரிடம் அதைக் கேட்டேன், அவர் பதில் சொன்னார். நான் அதன்படி செய்தேன்.